மாதம் 6,500 டொலர் கிரிப்டோ வேலையை வேண்டாம் என்றேன். விசர் வேலையா?

#1 பூவரசு (கோண்டாவில்)

வணக்கம் எல்லோருக்கும். எழுதுவோமா விடுவோமா என்று இரண்டு கிழமையாக இழுத்துக்கொண்டிருந்தேன். வீட்டில் இதைக் கதைத்து முடித்தாயிற்று. முடித்தாயிற்று என்றால், மாமா என்னோடு கதைக்கிறதையே நிற்பாட்டிவிட்டார். ஆகவே இங்கே வந்தேன்.

மென்பொருள் வேலையில் ஒன்பது வருடம். இப்போது கொழும்பில் உள்ள ஒரு நிறுவனத்துக்கு வீட்டிலிருந்தே செய்கிறேன். கையில் வருவது நாலரை லட்சம். யாழ்ப்பாணத்தில் இது நல்ல சம்பளம், எனக்குத் தெரியும். போன மாதம் வெளிநாட்டுக் கிரிப்டோ பரிமாற்றத் தளம் ஒன்றுக்கு ஆள் தேடுகிறவர் தொடர்புகொண்டார். மாதம் 6,500 டொலர். ரூபாவில் பத்தொன்பது லட்சத்துக்கு மேல். வீட்டை விட்டு அசையத் தேவையில்லை.

மூன்று நேர்முகம் நடந்தது. முதல் இரண்டும் வழக்கமான கேள்விகள். மூன்றாவதில்தான் என்ன வேலை என்று விளங்கியது. சிங்களம், வங்காளம், தமிழ் என்று இந்தப் பக்கத்து மொழிகளில் செயலியைக் கொண்டுவர ஒரு குழு அமைக்கிறார்கள். தமிழுக்கு நான். திரைகளில் வரும் சொற்களை எழுதவேண்டும். அதோடு, போட்ட காசு முழுக்கப் போனவருக்கு மூன்று நாள் கழித்து ‘திரும்ப வாருங்கள், 20 டொலர் எங்கள் அன்பளிப்பு’ என்று அறிவித்தல் அனுப்பும் பகுதியையும் நான்தான் கட்டவேண்டும்.

ஒரு திரையைக் காட்டினார்கள். 100 மடங்கு லெவரேஜ், அதாவது போட்ட காசைப்போல நூறு மடங்குக்குக் கடனில் வாங்குவது. அதற்கு யாரோ தற்காலிகமாகப் போட்டிருந்த தமிழ்: ‘நூறு மடங்கு இலாபம்’. நட்டமும் நூறு மடங்குதானே, அதை ஏன் போடவில்லை என்று கேட்டேன். நேர்முகம் கண்ட பெண் சிரித்தார். கெட்ட சிரிப்பில்லை, உண்மையில் நல்ல மனிசி. “ஆங்கிலத்தில் வந்தால் உங்கள் பக்கத்து ஆட்கள் தயங்குகிறார்கள். தங்கட மொழியில் வந்தால் நம்புகிறார்கள். சோதித்துப் பார்த்துவிட்டோம்” என்றார்.

அந்தக் கதை மண்டைக்குள் நின்றுவிட்டது. எங்கள் ஒழுங்கையில் சீட்டுப் பிடிக்கும் அக்கா ஒருவர் இருக்கிறார். திருநெல்வேலிச் சந்தையில் நான் மரக்கறி வாங்கும் ஐயா இருக்கிறார். கைத்தொலைபேசியில் தமிழில் எது வந்தாலும் பக்கத்துக் கடைக்காரருக்கும் கேட்க உரக்க வாசிப்பார். அவர் என் வசனத்தை வாசிக்கிறார் என்று ஒருமுறை நினைத்துப் பார்த்தேன்.

வேண்டாம் என்று எழுதி அனுப்பிவிட்டேன். மனைவி ஒன்றும் சொல்லவில்லை. மாமா மட்டும் “வீட்டுக் கடன் இன்னும் பதினொரு வருசம் கிடக்கு, தம்பி” என்றார். அதில் என்ன பிழை சொல்ல?

இப்படி வேலையை விட்டவர்கள் யாராவது இருக்கிறீர்களா? ஆறு மாதம் போனபிறகு என்ன நினைத்தீர்கள்? அதுதான் எனக்குத் தெரியவேண்டும்.

#2 தட்டிவான்

விசர்தான். ஆனால் படலை பூட்டி வைக்கவேண்டிய விசர் இல்லை. மாமாவுக்கு ஒரு பிளேன்ரீ போட்டுக் கொடுத்துப் பாரும்.

#3 வடமராட்சிப்பெடியன்

பூவரசு அண்ணை, கோபிக்கவேண்டாம். நாலரை லட்சம் எடுக்கிற ஆளுக்குக் கொள்கை வைத்திருக்கலாம். நான் பட்டம் முடித்து இரண்டு வருடம். அரச வேலைக்கு விண்ணப்பம், தனியார் வேலைக்கு விண்ணப்பம், ஒன்றும் சரிவரவில்லை. இப்போது பருத்தித்துறையில் ஒரு கடையில் கணினி திருத்துகிறேன், 45 ஆயிரம். அம்மாவின் சங்கிலி அடைவில் கிடக்கிறது.

நீங்கள் செய்யாவிட்டால் அந்த வேலை நின்றுவிடுமா? சென்னையில் ஒருவர் செய்வார். அல்லது இயந்திரமே மொழிபெயர்க்கும். உங்களுக்கு 6,500 டொலர் போச்சு, சந்தை ஐயாவுக்கு அந்த அறிவித்தல் எப்படியும் வரும். இதில் யாருக்கு என்ன நன்மை?

#4 ஒடியல்கூழ்

தம்பி (வடமராட்சி), “நான் செய்யாவிட்டால் வேறொருவர்” என்று நானும் ஒரு காலம் சொன்ன ஆள். ஆகவே கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போர் முடிந்து சில வருடங்களில் வடக்குக்கு நுண்கடன் நிறுவனங்கள் வரிசையாக வந்தன. எனக்கு 24 வயது. ஒரு நிறுவனத்தில் (பெயர் வேண்டாம்) களவேலை கிடைத்தது. மோட்டார் சைக்கிள் தந்தார்கள், சம்பளத்துக்கு மேல் ஊக்கத்தொகை தந்தார்கள். வேலை என்ன? பெண்களை ஐந்து பேராகச் சேர்த்து, ஒருவருக்கொருவர் பிணை நிற்கவைத்து, கடன் கொடுப்பது. கிழமைக்கு ஒருநாள் போய் அறவிடுவது. படிவம் முழுக்க ஆங்கிலம். அதைத் தமிழில் விளங்கப்படுத்துவது நான். வட்டி எவ்வளவு என்று கேட்டால் ‘கிழமைக்கு இவ்வளவுதான் அக்கா’ என்று தவணைக் காசை மட்டும் சொல்லப் பழக்கியிருந்தார்கள். வருட வட்டியைச் சொல்லக்கூடாது என்று யாரும் எழுத்தில் தரவில்லை. சொல்லாமல் இருக்கப் பழகிக்கொண்டோம், அவ்வளவுதான்.

கிளிநொச்சிப் பக்கம் ஒரு வீட்டில் நான் போகும் நேரமெல்லாம் அந்த அம்மா கதவைச் சாத்திவிட்டு உள்ளே இருப்பார். பிள்ளை வந்து “அம்மா இல்லை” என்று சொல்லும். உள்ளே இருமுகிற சத்தம் கேட்கும். நான் திண்ணையில் இருந்து காத்திருப்பேன். அதுதான் என் வேலை, காத்திருப்பது. மற்ற நாலு பெண்களும் என்னோடு வந்து காத்திருக்கவேண்டும், இல்லாவிட்டால் அவர்கள் கட்டவேண்டும்.

2018 இல் வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் எடுத்த ஒரு லட்சம் ரூபா வரையிலான நுண்கடன்களைத் தள்ளுபடி செய்வதாக அரசே அறிவிக்கும் நிலைக்கு வந்தது. நான் அதற்கு முதலே விட்டுவிட்டேன். கொள்கைக்காக விட்டேன் என்று சொன்னால் பொய். கலியாணம் நடந்தது, அதனால் விட்டேன். ஆனால் அந்த வேலைக்கு நான் ஏன் எடுபட்டேன் என்று பிறகு யோசித்தால், என் கணக்குப் பாடப் பெறுபேற்றுக்காக இல்லை. நான் ‘அக்கா’ என்று கூப்பிடக்கூடிய ஆள் என்பதற்காக.

பூவரசு, உங்களையும் அதற்காகத்தான் கேட்டிருக்கிறார்கள்.

#5 சங்கிலித்தோப்பு

இந்த இழை ஒரு பக்கமாகச் சாய்கிறது. நான் இந்தத் துறையில்தான் வேலை செய்கிறேன், ஐந்து வருடமாக. பரிமாற்றத் தளத்தில் இல்லை. எதீரியம் என்ற கிரிப்டோ வலையமைப்பின் மேல் இயங்கும் கட்டணமுறை ஒன்றின் நிரல்களைச் சோதிப்பது என் வேலை. ஓட்டை இருக்கிறதா என்று பார்ப்பது. எனக்கு நித்திரை நன்றாக வருகிறது.

2022 ஐ மறந்துவிட்டீர்களா? அந்த மார்ச் தொடக்கம் வரை வங்கிகள் டொலருக்கு 203 ரூபா என்று பிடித்துவைத்திருந்தன. உண்டியலில் (வங்கிக்கு வெளியே காசு மாற்றுகிறவர்களிடம்) அதைவிட நன்றாகக் கூடுதலாகக் கிடைத்தது. மார்ச் 7 ஆம் திகதி மத்திய வங்கி பிடியைத் தளர்த்தியது. மே மாதத்துக்குள் 360 ஐத் தொட்டது. அதாவது வங்கியில் ரூபாவாகச் சேமித்த ஆசிரியரின் காசு இரண்டு மாதத்தில் டொலர்க் கணக்கில் பாதியை நெருங்கியது. அந்த ஆசிரியரை ஏமாற்றியது கிரிப்டோவா? செப்டெம்பரில் பணவீக்கம் 70 வீதத்துக்குக் கிட்ட. அந்த வங்கிகளில் வேலை செய்கிறவர்களிடம் யாரும் ‘மனச்சாட்சி’ என்று இழை தொடங்கவில்லை.

இன்னொன்று. 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமம் முழுக்க இடம்பெயர்ந்து நாவற்குழிப் பாலத்தால் நடந்தபோது என் அம்மம்மா தாலிக்கொடியைச் சீலைக்குள் முடிந்துகொண்டு போனார். அப்படிப்பட்ட சனம் நாங்கள். பிட்கொயினின் திறவுகோலை 12 சொற்களாக மனப்பாடம் செய்துகொண்டு எந்தப் பாலத்தையும் கடக்கலாம். இது எங்களுக்கு விளங்காவிட்டால் வேறு யாருக்கு விளங்கும்?

மின்சாரக் கதையை யாராவது எடுப்பீர்கள், ஆகவே முன்னரே சொல்கிறேன். எதீரியம் 2022 செப்டெம்பரில் முறையை மாற்றியது. கணினிகள் போட்டிபோட்டுக் கணக்குச் செய்யும் முறையை விட்டு, பணயம் வைத்தவர்கள் சரிபார்க்கும் முறைக்கு வந்தது. அதன் மின் செலவு 99 வீதத்துக்கு மேல் குறைந்தது.

பூவரசு மறுத்ததை நான் குறை சொல்லவில்லை. அந்தக் குறிப்பிட்ட வேலையை நானும் எடுத்திருக்கமாட்டேன். ஆனால் தலைப்பில் ‘கிரிப்டோ வேலை’ என்று போட்டிருக்கிறீர்கள். அது பிழை. நீங்கள் மறுத்தது சூதாட்ட விடுதி வேலையை.

#6 தட்டிவான்

தாலிக்கொடிக் கதை நெஞ்சைத் தொட்டது, சங்கிலி. ஆனால் ஒரு சின்னச் சந்தேகம். அந்தக் காலம் யாழ்ப்பாணத்தில் கரண்டே இல்லை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைச் சுற்றி டைனமோவில் ரேடியோ கேட்ட ஆள் நான். அம்மம்மா சாவகச்சேரியில் ஒரு காப்பை விற்று அரிசி வாங்கியிருப்பார். 12 சொல்லை அங்கே யாரிடம் விற்பது?

பிட்கொயின் இன்னும் பழைய முறையில்தான் ஓடுகிறது என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். அது ஒரு வருடம் தின்னும் மின்சாரம் இலங்கை முழுக்கப் பாவிப்பதைப்போலப் பல மடங்கு. 2022 இல் நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வெட்டினார்களே, அப்போது நுளம்புக்கு விசிறிக்கொண்டு இதை வாசித்த ஞாபகம்.

#7 சங்கிலித்தோப்பு

அண்ணை, பிட்கொயின் மின்சாரம் சரி, ஏற்கிறேன். கரண்ட் இல்லாத கதைக்கு என்னிடம் பதில் இல்லை, அதையும் ஏற்கிறேன். பாலத்துக்கு அங்கால் போய்ச் சேர்ந்தபிறகு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

#8 ஸ்காபரோ சித்தப்பா

ஊர்ப் பிள்ளைகள் எழுதுவதை வாசித்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

இங்கே 2021 இல் கோயிலுக்குப் போனாலும் இதே கதை, பிறந்தநாளுக்குப் போனாலும் இதே கதை. நான் பதினெட்டு வருடம் இரவு வேலை செய்த ஆள். ஒரு தளத்தில் 38 ஆயிரம் கனேடிய டொலர் போட்டேன். அந்தத் தளம் பிறகு கதவைச் சாத்தியது. வழக்கு நடக்கிறது, பெயர் எழுதமாட்டேன். யார் எனக்கு அதைக் காட்டித் தந்தது தெரியுமா? எங்களுடைய ஆள்தான். நல்ல தமிழில், காணொளி போட்டு, ‘அண்ணாமார் அக்காமார்’ என்று தொடங்கி. அவருக்கு என்னைப்போல ஆட்களைச் சேர்த்ததற்குத் தரகு. எங்கள் ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலிலும் ஒரு பங்கு. அது எனக்குப் பிறகுதான் தெரியும். அந்தப் பெடியன் இப்போது வீடு விற்கும் முகவர். கோயிலில் கண்டால் வணக்கம் சொல்கிறான். நானும் சொல்கிறேன்.

பெரிய ஆட்களே விழுந்தார்கள் என்று எனக்கு ஆறுதல் சொன்னார்கள். எஃப்.ரி.எக்ஸ் என்ற தளம் மியாமியில் கூடைப்பந்து அரங்கத்துக்கே தன் பெயரை வைத்தது. 2022 நவம்பரில் வங்குரோத்து. வாடிக்கையாளர் காசில் எண்ணூறு கோடி டொலர் அளவில் ஓட்டை. நடத்தியவருக்கு 2024 இல் 25 வருடச் சிறை. அதே 2022 மே மாதத்தில் ரெரா, லூனா என்ற இரண்டு நாணயம் சேர்ந்து விழுந்து நாலாயிரம் கோடி டொலர் அளவு பெறுமதி கிழமைக் கணக்கில் கரைந்தது. அதில் ஒன்று எப்போதும் ஒரு டொலரிலேயே நிற்கும் என்று சொல்லி விற்றார்கள். எனக்கு இதெல்லாம் ஆறுதலாக இல்லை. நான் மியாமி அரங்கத்தைப் பார்த்துப் போடவில்லையே. அண்ணாமார் அக்காமார் என்று கூப்பிட்டதைக் கேட்டுப் போட்டேன்.

பூவரசு தம்பி, உமது மாமாவின் தொலைபேசி இலக்கத்தைத் தாரும், நான் கதைக்கிறேன். (பகிடி. ஆனால் பாதிதான் பகிடி.)

#9 பூவரசு

எல்லோருக்கும் நன்றி. ஒடியல்கூழ் அக்கா எழுதியதை மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். “நீங்கள் அந்தத் திண்ணைக்குப் போகவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கோ” என்று மட்டும் சொன்னா.

சங்கிலித்தோப்பு சொன்னது சரி. தலைப்பைக் கவனமில்லாமல் போட்டுவிட்டேன். எனக்குத் தொழில்நுட்பத்தோடு சண்டை இல்லை. அந்தத் திரையில் இருந்த கணக்கோடுதான் சண்டை. விளங்காதவர்களுக்காக எழுதுகிறேன்.

ஒருவர் 100 டொலர் போடுகிறார். 100 மடங்கு என்று தெரிவுசெய்தால் 10,000 டொலருக்கு வாங்கியதாகக் கணக்கு. கட்டணம் 0.05 வீதம் என்று திரையில் சின்ன எழுத்தில் இருக்கும். 0.05 வீதம் என்றால் யாருக்குப் பயம் வரும்? ஆனால் அது போட்ட நூறுக்கு இல்லை, பத்தாயிரத்துக்கு. உள்ளே போக 5 டொலர், வெளியே வர 5 டொலர். விலை ஒரு சதமும் அசையவில்லை. கைக்காசில் பத்தில் ஒன்று போய்விட்டது. விலை எதிர்ப்பக்கம் 1 வீதம் போனால் நூறும் போகும். உண்மையில் அதற்குக் கொஞ்சம் முன்னரே தளமே கணக்கை அடைத்துவிடும். பிட்கொயின் ஒரு தேத்தண்ணி ஆறுவதற்குள் 1 வீதம் அசையக்கூடிய பொருள். ஒருவர் வெல்லலாம், தோற்கலாம். தளத்துக்கு இரண்டு முறையும் கட்டணம். ஆகவே அவர் அடிக்கடி வரவேண்டும். அதற்குத்தான் அந்த மூன்றாம் நாள் அறிவித்தல், அதற்குத்தான் நான்.

ஒரு பக்கக் கதை. கணக்கை அடைத்துவிட்டோம் என்று சொல்ல அவர்கள் ஆங்கிலத்தில் ‘லிக்குவிடேற்’ என்று போடுவார்கள். இயந்திரம் அதைத் தமிழில் ‘உங்கள் நிலை திரவமாக்கப்பட்டது’ என்று மாற்றியிருந்தது. நேர்முகத்தில் அதைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு. வீட்டுக்காரி கேட்டுவிட்டு, “அதைத் திருத்தாதேங்கோ, அதுதான் சரியான தமிழ்” என்றா.

வடமராட்சித் தம்பிக்கு: நீர் சொன்னதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. நான் மறுத்ததால் எந்த அறிவித்தலும் நிற்கப்போவதில்லை, உண்மை. என் சம்பளம் இல்லாமல் நான் இதைச் செய்திருப்பேனா என்றும் தெரியாது. செய்திருக்கமாட்டேன் என்றுதான் நினைக்கிறேன்.

#10 ஒடியல்கூழ்

இப்போது நான் வங்கியில் வேலை செய்வதால் ஒரு தகவல், பயம் காட்ட இல்லை. இந்த மெய்நிகர் நாணயங்களுக்கு இலங்கையில் சட்டபூர்வ நாணயத் தகுதி இல்லை; மத்திய வங்கி 2018, 2021, 2022 என்று திரும்பத் திரும்ப எச்சரித்திருக்கிறது. வங்கி அட்டையால் இவற்றை வாங்கவும் அனுமதி இல்லை. ஆகவே சந்தை ஐயா அந்தச் செயலிக்குள் காசு போடுவதென்றால் யாரோ ஒரு தெரிந்த பெடியனிடம் ரூபா கொடுத்து யூ.எஸ்.டி.ரி (டொலர் பெறுமதியோடு கட்டிய கிரிப்டோ நாணயம்) வாங்குவார். காசு போனால் முறையிட எந்தக் கருமபீடமும் இல்லை. உண்டியல் பிழைத்தால் உண்டியல்காரன் வீட்டு வாசலில் போய் நின்று சத்தம் போடலாம். இதில் வாசலே இல்லை.

சம்பளத்தையே யூ.எஸ்.டி.ரியில் தருகிறோம் என்றால் இன்னும் சிக்கல். வெளிநாட்டுக்குச் செய்யும் சேவையின் வருமானத்துக்கு 2025 ஏப்ரலில் இருந்து கூடியது 15 வீத வரி என்பது, அந்தக் காசு வெளிநாட்டு நாணயமாக வங்கி வழியாக வந்தால்தான். பூவரசு, உங்களுக்கு எதில் தருவதாகச் சொன்னார்கள்?

#11 பூவரசு

பாதி வங்கிக்கு, பாதி அவர்களுடைய சொந்த நாணயத்தில். மாமாவுக்கு இந்தப் பாதிக் கதையை நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டை இவ்வளவு வந்திராது. ஆனால் அந்தக் காரணத்துக்காக விட்டதாக நினைத்துவிடுவார் என்று சொல்லாமல் விட்டேன். இதுவும் ஒரு வீம்புதான்.

#12 சங்கிலித்தோப்பு

சொந்த நாணயத்தில் பாதியா! அதை முதல் பதிவிலேயே போட்டிருந்தால் நான் அவ்வளவு நீளமாக வாதாடியிருக்கமாட்டேன். எஃப்.ரி.எக்ஸ் விழுந்ததே தானே அச்சடித்த நாணயத்தைச் சொத்தென்று கணக்குக் காட்டிக்கொண்டிருந்ததில்தான்.

#13 தட்டிவான்

எல்லோரும் சுத்தமாகக் கதைக்கிறீர்கள், நான் ஒரு அழுக்கைக் கொட்டுகிறேன்.

எங்கள் வீடு கட்டியது பொயிலைக் காசில். அப்பு நாலு பரப்பில் பொயிலை நட்டார். விடிய நாலு மணிக்குத் துலா மிதித்து, கிணற்றில் இறைத்து, இலை இலையாகப் பார்த்து, உணர்த்தி, பாடம் போட்டு. யாழ்ப்பாணப் பொயிலை ஒரு காலம் மலையாளக் கரைக்குக் கப்பலேறின பொருள். அந்தக் காசில்தான் எங்கள் ஊரில் அரைவாசி வீட்டுப் பிள்ளைகள் படித்தார்கள். டொக்டரும் எஞ்சினியரும் அதில்தான் வந்தார்கள். அந்த டொக்டர்களில் ஒருவர், அப்புவின் மருமகன்தான், கடைசியில் அப்புவுக்கு வாயில் புற்று என்று சொன்னார். அப்புவும் சப்புகிற ஆள்.

நான் அப்புவைக் குற்றம் சொல்லவா? எனக்கு மனம் வராது. அவருக்கு அப்போது தெரியாது. தெரிந்தபிறகு? தெரிந்தபிறகும் இரண்டு போகம் நட்டார். அக்காவின் கலியாணம் இருந்தது. பிறகு வெங்காயத்துக்கு மாறினார், அதில் நட்டம்.

பூவரசின் மாமாவும் இப்படி ஏதோ ஒன்றை மனதில் வைத்துத்தான் கோபிக்கிறாரோ என்று எனக்குப் படுகிறது. தன் காலத்தில் தான் மறுக்காமல் செய்த ஒன்றை மருமகன் மறுக்கிறான் என்றால் மனிசருக்குச் சுடும்.

#14 வடமராட்சிப்பெடியன்

எல்லாம் வாசித்தேன். ஸ்காபரோ ஐயாவின் கதை வாசிக்கக் கஷ்டமாக இருந்தது. அக்காவின் கதையும்.

ஆனாலும் கேட்கிறேன். வெட்கத்தை விட்டுத்தான் கேட்கிறேன். பூவரசு அண்ணை, அந்த ஆள் தேடுகிறவரின் தொடர்பைத் தனிமடலில் அனுப்புவீர்களா? அவர்கள் வேறு தமிழ் ஆள் தேடிக்கொண்டுதானே இருப்பார்கள்.

#15 ஸ்காபரோ சித்தப்பா

அனுப்பவேண்டாம்.

#16 ஒடியல்கூழ்

அனுப்புங்கோ. அவர் குழந்தைப்பிள்ளை இல்லை. எனக்கு 24 வயதில் யாராவது கதவைச் சாத்தியிருந்தால் நான் அந்த ஆளைத்தான் இன்றைக்கும் திட்டிக்கொண்டிருப்பேன், நிறுவனத்தை இல்லை.

#17 நெறியாளர்

இழை சூடாகிறது, ஆனால் நாகரிகமாகத்தான் போகிறது, தொடரலாம். ஒரே ஒரு வேண்டுகோள். வெளிநாட்டுக் கணினி வேலை, டொலர்ச் சம்பளம் என்று தாய்லாந்துக்கு அழைக்கப்பட்டு, அங்கிருந்து மியன்மாரின் மியாவாடிப் பக்கம் மோசடி முகாம்களில் அடைபட்ட இலங்கைப் பிள்ளைகள் பலர். மீட்கப்பட்டு வந்தவர்களின் கதைகள் செய்திகளில் வந்தன. நேர்முகத்துக்கோ பயிற்சிக்கோ விமானச்சீட்டு அனுப்புகிறோம் என்று யார் சொன்னாலும் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள்.

#18 பூவரசு

இரண்டு நாள் யோசித்தேன். தம்பிக்கு இன்று காலை அனுப்பிவிட்டேன். இந்தத் தளம் வீட்டிலிருந்தே செய்கிற வேலைதான் தருகிறது, பயணம் ஒன்றும் இல்லை. அதை உறுதிசெய்துவிட்டுத்தான் அனுப்பினேன். எனக்கு வேண்டாம் என்று சொல்ல எனக்கு உரிமை இருந்தது. அடைவில் சங்கிலி வைத்திருக்கும் ஆளுக்காக நான் சொல்ல முடியாது. சித்தப்பா கோபிக்காதேங்கோ.

நூறு டொலர்க் கணக்கை மட்டும் அதோடு சேர்த்து அனுப்பினேன், தமிழில்.

#19 ஸ்காபரோ சித்தப்பா

கோபம்தான். போகட்டும்.

#20 வடமராட்சிப்பெடியன்

மூன்று கிழமை கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும்.

நேர்முகம் இரண்டு நடந்தது. எனக்குச் சொன்ன சம்பளம் 6,500 இல்லை, 1,400 டொலர். அனுபவம் இல்லையாம். அதுவே எனக்கு இப்போது எடுப்பதைப்போல ஒன்பது மடங்குக்கு மேல், ஆகவே தலையாட்டினேன். ஒரு சோதனை தந்தார்கள். பத்துத் திரை, தமிழில் எழுதி அனுப்பு என்று. ஒன்பதை ஒரு இரவில் முடித்துவிட்டேன். ஒன்றும் பெரிய விசயமில்லை. ‘உள்நுழைக’, ‘கடவுச்சொல்’, அப்படி.

பத்தாவது அண்ணை சொன்ன அதே திரை. அதே 100 மடங்கு. ‘நூறு மடங்கு இலாபம்’ என்று இன்னும் அப்படியே இருந்தது. அதை விட்டுவிட்டு அனுப்பியிருக்கலாம், யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். அம்மா பக்கத்தில் இருந்து இடியப்பம் பிழிந்துகொண்டிருந்தா. சும்மா வாசித்துக் காட்டினேன். “நூறு மடங்கோ? அப்ப சங்கிலியை மீட்டு இதில போடுவமா?” என்று கேட்டா. பகிடியாகக் கேட்கவில்லை.

பிறகு இப்படி எழுதினேன்: ‘100 மடங்கு கடன். விலை 1 வீதம் மாறினால் போட்ட காசு முழுக்கப் போகும்.’

மறுநாள் பதில் வந்தது. மற்ற ஒன்பதும் மிக நன்றாம். இது மட்டும் பொத்தானுக்குள் அடங்காதாம், 18 எழுத்துக்குள் சுருக்கித் தரட்டாம்.

#21 தட்டிவான்

சுருக்கினீரோ?

#22 வடமராட்சிப்பெடியன்

‘காசு போகும்’ என்று அனுப்பினேன். எல்லாம் சேர்த்து ஐந்து எழுத்துத்தான். நாலு நாளாகப் பதில் இல்லை. நாளைக்குக் கடையில் மூன்று மடிக்கணினி வருகிறது, ஒன்றில் தேத்தண்ணி ஊற்றுப்பட்டதாம். இரவு வந்து பார்க்கிறேன்.